சந்திரதாலுக்கு ஏழு நாள், தலைக்கு 20,000 ரூபாய்

செப்டம்பர் இரண்டாம் பாதியில் சந்திரதால் போவது என்று முடிவாகிவிட்டது. இமாசலப் பிரதேசத்தில், ஸ்பிதிப் பள்ளத்தாக்கை ஒட்டி, சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிறை வடிவ ஏரி அது. போகிறவர்கள் நான், என் சித்தப்பா மகன், கடையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர்.

நாங்கள் இருப்பது காரைக்குடி. துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவனுக்குச் சேர்ந்தாற்போல விடுப்பு கிடைப்பதென்றால் ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிக் கூட்டம் தொடங்காத அந்த இடைவெளியில்தான் கிடைக்கும். ஏரிக்கும் அதுதான் நல்ல காலம் என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜூலை, ஆகஸ்டில் மழையும் பனி உருகி வரும் ஓடைகளும் பாதையை அடிக்கடி அடைத்துவிடும். அக்டோபர் பிறந்துவிட்டால் பனி எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். பாதையில் கிடந்த பனியை அகற்றித்தான் அவர்களைக் கொண்டுவர முடிந்தது.

ஏழு நாள் என்று நான் சொல்வது தில்லியில் பஸ் ஏறிய மறுநாள் முதல் மணாலி வந்து சேரும் வரை. காரைக்குடியிலிருந்து காலையில் பல்லவன், இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டும் சேர்த்து, தில்லி ரயிலில் படுக்கை வசதியோடு, ஒரு வழிக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் ஆகும். விமானத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

இனி வழி. இதில்தான் மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சு. மணாலியிலிருந்து கிளம்பி அன்றைக்கே ஏரிக்குப் போய்விடலாம். 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அது இன்னும் சுலபம். பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் மணாலி இருப்பது ஏறக்குறைய 2,050 மீட்டரில். காலையில் அங்கே காபி குடித்துவிட்டு ராத்திரி 4,250 மீட்டரில் படுத்தால் உடம்பு என்ன ஆகும்? மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாங்களோ கடலோரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். இங்கே உயரம் என்றால் பிள்ளையார்பட்டிக் குன்றுதான்.

அதனால் சுற்றிப் போகிறோம். தில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து இமாசல அரசு பஸ்ஸில் ரெக்காங் பியோ. அது 2,300 மீட்டர் பக்கம். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் சட்லெஜ் ஓரமாக ஏறி தாபோ, 3,280 மீட்டர். அங்கே 996இல் கட்டிய மண் மடாலம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற மண் சுவரை, சுண்ணாம்புப் பூச்சுக்குப் பேர்போன ஊரிலிருந்து போகிறவன் பார்க்காமல் தாண்டக் கூடாது. அப்புறம் காஜா, 3,650 மீட்டர். அங்கிருந்து ஏரி ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே உயரம் என்பதால் இரண்டு இரவு. நடுவில் உள்ள பகலில் கீ மடாலம் வரை ஏறிவிட்டு, படுக்க மறுபடி காஜாவுக்கு இறங்கிவிடுவது. பகலில் உயரம் பார்த்துவிட்டு இரவில் இறங்கிப் படுத்தால் உடம்பு சீக்கிரம் பழகும். ஐந்தாம் நாள்தான் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி ஏரி. அங்கே இரண்டு இரவு. ஏழாம் நாள், ஏரிக்குக் கீழே மணாலிச் சாலையில் இருக்கும் பாதல் வழியாக மணாலி.

இந்தச் சுற்று வழியில் இன்னொரு லாபமும் உண்டு: முக்கால்வாசி தூரம் அரசு பஸ் ஓடுகிறது. ஸ்பிதிக்குப் போக நம் நாட்டவர்களுக்கு அனுமதிச் சீட்டும் வேண்டியதில்லை.

செலவில் கனமான இடம் இரண்டே இரண்டு. ஒன்று காஜாவிலிருந்து ஏரிக்கு டாக்ஸி. மணாலி பஸ்ஸில் ஏறி, ஏரிக்குப் பிரியும் இடத்தில் இறங்கிவிடலாம்தான். ஆனால் அதற்கு மேல் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் மூட்டையோடு நடக்க வேண்டும். அந்தக் காற்றில் நான் அதைச் செய்ய மாட்டேன். திரும்பும்போது பாதல் வரை கொண்டுவந்து விடுவதையும் சேர்த்து டாக்ஸிக்கு 10,000 ஒதுக்கியிருக்கிறேன். இன்னொன்று கூடாரம். சாப்பாட்டோடு தலைக்கு ஓர் இரவுக்கு 1,800 வைத்திருக்கிறேன். மற்ற ஊர்களில் வீட்டுத் தங்கல், தலைக்கு 500. சில்லறை எல்லாம் கூட்டி 16,500 வருகிறது. மீதி 3,500 தொடாத பணம். பாதலில் பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டி வரலாம். அதற்காகவே திரும்பும் ரயிலையும் ஒரு நாள் தள்ளிப் போடப் போகிறோம். ரயில்காரன் நமக்காகக் காத்திருக்க மாட்டான். எல்லாம் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். காஜாவை விட்டால் ஏடிஎம் கிடையாது, ஏரியில் போனும் எடுக்காது.

சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரயிலுக்கு இரண்டு நாள் தாங்கும் புளியோதரை, நல்லெண்ணெய் கொஞ்சம் கூடவே விட்டது. மேலே போக அவல், பருப்புப் பொடி, சீப்புச் சீடை, மாவுருண்டைக்குத் திரித்த பாசிப்பருப்பு மாவு. அரிசி எடுத்துப் போகலாம் என்று தம்பி சொன்னான். சந்திரதாலில் தண்ணீர் 86 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி நடுவில் விதை விதையாகவே நிற்கும். அவலென்றால் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் போதும். பருப்புப் பொடியைத் தூவி, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுப் பிசைந்து இங்கேயே ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. நெய் மட்டும் அங்கே உறைந்து கல்லாகிவிடும், அதனால் மாவைத் தனியாக எடுத்துப் போய்ச் சூடு காட்டிப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் ஒரு தண்ணீரைப் பார்க்கவா என்று கடையில் கேட்கிறார்கள். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. நாம் பார்த்த தண்ணீரெல்லாம் யாரோ வெட்டியது: ஊருணி, கண்மாய், தெப்பக்குளம். தண்ணீர் வரும் வரத்துக்கால் எங்கே, மிஞ்சியது வழியும் கலுங்கு எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் மனிதன் கணக்குப் போட்டிருக்கிறான். யாரும் வெட்டாத, யாரும் கரை போடாத ஒரு ஏரியின் ஓரத்தில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை.

சந்திரதால் 2005இல், காக்க வேண்டிய ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கரையில் கூடாரம் போட விடுவதில்லை. கூடாரங்கள் சில கிலோமீட்டர் தள்ளித்தான், வண்டியும் கரை வரை போகாது, கடைசித் தூரம் நடைதான். இதைக் குறையாகச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்தேன். எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, படிக்கு மேலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அம்மாவிடம் உயரம், குளிர் எதையும் விவரிக்கவில்லை. தருமர் சொர்க்கத்துக்கு ஏறியது அங்கிருந்துதான் என்று அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள் என்றேன். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டுப் பழகியவர். "தருமர் போன எடமா? அப்ப ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி கொண்டாப்பா" என்றார். ஏரியில் இறங்கி மொள்ளப் போவதில்லை. ஏரியிலிருந்து வழிந்து சந்திரா ஆற்றுக்குப் போகும் ஓடையில் பிடித்துக்கொள்வேன்.

இன்னும் ஓர் ஆள் வேண்டும். டாக்ஸிக் கணக்கை நாலு பேருக்குத்தான் போட்டிருக்கிறேன், மூன்று பேரென்றால் தலைக்கு எண்ணூறுக்கு மேல் கூடும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் யாராவது இருந்தால் நல்லது. இரத்த அழுத்தமும் இதயமும் மருத்துவரிடம் பார்த்திருக்க வேண்டும், தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவராக இருக்க வேண்டும், தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்கிறவராக இருக்க வேண்டும். யாருக்கு முடியாமல் போனாலும் நாலு பேரும் சேர்ந்தே இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதற்குள் சொல்லிவிடுங்கள்.