குரோமியத்துக்கு முன்பே தொடங்கும் மாசு

தோல் பதனிடுதலால் விளையும் மாசு என்றதும் எல்லோரும் தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியத்தையே சுட்டிக்காட்டுகிறார்கள். எனக்கோ, அதற்கு முந்தைய கட்டங்களே பெரிய தலைவலியாகத் தோன்றுகின்றன. பச்சைத்தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரை உப்பு தூவப்படுகிறது. ஊறவைக்கும்போது நீரில் கரைந்துவிடும் அந்த உப்பை வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு நீக்குவதில்லை. ஆகவே, ஊறவைக்குமுன் தோலை உதறி உப்பைத் தட்டியெடுப்பது, சாதாரண வேலைதான் என்றாலும், மிகுந்த பயன் தருவது.

அடுத்தது மயிர் நீக்கம். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த குழம்பில் மயிர் கூழாகக் கரைந்து கழிவுநீரின் கரிமச் சுமையைப் பெருக்குகிறது. அந்த நீரில் அமிலம் கலந்துவிட்டால், அழுகிய முட்டை நாற்றத்துடன் எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளையே கொன்றுவிடும். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளோ மயிரின் வேர்ப்பிடிப்பைத் தளர்த்துவதால், மயிரைக் கரைக்காமலே வடிகட்டி எடுக்கலாம். ஆனால் நேரமோ வெப்பமோ சற்று மிஞ்சினாலும் தோலின் மேற்பரப்பு பழுதாகிவிடும். இம்முறைக்கு மாறத் தயங்குவோரிடம் நியாயம் இல்லாமலில்லை.

குரோமியத்துக்கு வழி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. தோல் ஏற்காத குரோமியம் எஞ்சியுள்ள நீரில் மக்னீசியம் ஆக்சைடை இட்டால், அந்தக் குரோமியம் பச்சை வீழ்படிவாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடுதலுக்கே பயன்படுத்தலாம்.