நிலையான உபுண்டுவில் சோஸ் புதிய பதிப்பு: புரொபோஸ்ட் சரிபார்ப்பை முடித்த அனுபவம்

திருகோணமலையில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் சேர்வர்கள் உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும் ஓடுகின்றன. பழுது ஏதும் வந்து வெளியில் உதவி கேட்டால் அவர்கள் முதலில் கேட்பது சோஸ் அறிக்கை. ரூட் உரிமையோடு ஓடி, அமைப்புக் கோப்புகள், பதிவுகள், ஏராளமான கட்டளைகளின் வெளியீடு எல்லாவற்றையும் அள்ளி ஒரே டார் கோப்பாகக் கட்டித் தரும் கருவி அது. நிலையான வெளியீட்டில் இருக்கும் சோஸ் எப்படிப் புதுப்பிக்கப்படுகிறது, பக்கேஜ் கட்டும் உரிமை இல்லாதவர்கள் அதில் எந்த இடத்தில் கைகொடுக்கலாம், எங்கே இடறும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

உபுண்டுவில் ஒரு வெளியீடு வந்த பிறகு அதற்குள் போகும் மாற்றம் எதுவும் எஸ்.ஆர்.யூ (நிலையான வெளியீட்டுக்கான புதுப்பிப்பு) நடைமுறையைத் தாண்டித்தான் போகும். பொதுவாக முழுப் புதிய பதிப்பை ஏற்கமாட்டார்கள். பிழையைத் திருத்தும் சிறிய பட்ச் மட்டுமே போகும். சோஸுக்கு எழுத்தில் உள்ள விதிவிலக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. 22.04 வந்தது 2022 ஏப்ரலில், சோஸ் 4.3 உடன். அதன் பிறகு வந்த மென்பொருள்கள் எந்தக் கோப்பில் எதை எழுதுகின்றன என்று அந்தப் பதிப்புக்குத் தெரியாது. கருவி ஓடும், அறிக்கையும் வரும், ஆனால் தேவையான பகுதி அதில் இருக்காது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் ஸ்டேபிளில் புதிய பதிப்பை இப்படி உள்ளே விடுவது வழக்கமில்லை. அங்கே புதிய பதிப்புகளுக்கென்று தனியாக உள்ள பேக்போர்ட்ஸ் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

நடைமுறை, உபுண்டுவின் பிழைகளைப் பதியும் தளமான லாஞ்ச்பேடில் ஒரு பிழை அறிக்கையோடு தொடங்குகிறது. அதில் தாக்கம், சோதனைத் திட்டம், எங்கே பிரச்சினை வரக்கூடும் என்ற பகுதிகள் கட்டாயம். வளர்ச்சியில் இருக்கும் வெளியீட்டில் மாற்றம் முதலில் போக வேண்டும், பிறகே பழைய வெளியீடுகளுக்கு. பதிப்பு எண்ணின் வாலில் ~22.04.1, ~24.04.1 என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். டில்டே வால் உள்ள எண்ணை வால் இல்லாததைவிடக் குறைந்ததாகவும், ~22.04 ஐ ~24.04 ஐவிடக் குறைந்ததாகவும் டிபிகேஜி என்ற நிறுவும் கருவி கணக்கிடும். அதனால்தான் 22.04 இலிருந்து 24.04 க்கு ஏறும்போது அந்த வெளியீட்டுக்குரிய பக்கேஜ் தடையில்லாமல் மேலே வந்து உட்கார்கிறது. எஸ்.ஆர்.யூ குழு பார்த்து ஒப்புக்கொண்டதும் பக்கேஜ் புரொபோஸ்ட் என்ற சோதனைப் பகுதிக்கு வரும். பிழை அறிக்கையில் வெரிஃபிகேஷன்-நீடட்-ஜாமி, வெரிஃபிகேஷன்-நீடட்-நோபிள் என்று வெளியீட்டுக்கு ஒரு டேக் விழும் (ஜாமி என்பது 22.04 இன் பெயர், நோபிள் 24.04 இன் பெயர்). அங்கிருந்து குறைந்தது 7 நாள் கிடக்க வேண்டும். அந்த இடைவெளிதான் எங்களைப் போன்றவர்களுடைய இடம்.

பலர் அந்த இடத்தில் செய்வது என்ன? நிறுவி, ஒருமுறை ஓட்டி, டார் கோப்பு வந்துவிட்டது என்று பார்த்து, டேக்கை மாற்றிவிடுகிறார்கள். சோஸைப் பொறுத்தவரை அது போதவே போதாது. இந்தக் கருவி பிழையில்லாமல் ஓடிக்கொண்டே கெட்டுப்போகும். முன்பு எடுத்த கோப்பை எடுக்காமல் விடலாம், முன்பு மறைத்த கடவுச்சொல்லை மறைக்காமல் விடலாம். இரண்டுக்கும் திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. ஆகவே சரிபார்ப்பு என்றால் பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதலில் நிறுவல். 22.04 இல் புரொபோஸ்டைத் திறந்துவிட்டு ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் சோதனையில் இருக்கும் எல்லாப் பக்கேஜும் உள்ளே வந்துவிடும், கெர்னல் உட்பட. அதைத் தடுக்க ஆப்டின் ப்ரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் ஜாமி-புரொபோஸ்டுக்கு 400 என்ற தாழ்ந்த முன்னுரிமை எழுதி வையுங்கள். 24.04 இல் புரொபோஸ்ட் தானாகவே தாழ்ந்த முன்னுரிமையில்தான் இருக்கும், அப்படி எழுதி வைக்கத் தேவையில்லை, உபுண்டு.சோர்சஸ் கோப்பில் சூட்ஸ் வரியில் நோபிள்-புரொபோஸ்ட் என்று சேர்த்தால் போதும். பிறகு ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் சோஸ்ரிப்போர்ட் என்ற பக்கேஜ் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வெளியீட்டுப் பகுதியின் பெயரை (ஜாமி-புரொபோஸ்ட் போல) கொடுங்கள். சிறிய ‘டி’ விருப்பத்தைப் பயன்படுத்தினால் சார்ந்திருக்கும் பக்கேஜ்களும் புரொபோஸ்டிலிருந்தே வர இடமுண்டு. அப்போது நீங்கள் சோதிப்பது சோஸை மட்டுமாக இருக்காது.

இலங்கையில் பலருடைய கணினிகளில் இயல்பாக இருப்பது எல்கே என்று தொடங்கும் உள்நாட்டு மிரர், அதாவது பக்கேஜ் களஞ்சியத்தின் நகல். மிரர் என்றாலே பிரதான களஞ்சியத்துக்குப் பின்னால் நிற்க வாய்ப்பு உண்டு. அப்போது பிழை அறிக்கையில் புதிய பக்கேஜ் ஏற்றப்பட்டுவிட்டது என்று இருக்கும், இங்கே ஆப்ட் பழைய எண்ணையே காட்டும். புரொபோஸ்டுக்கு மட்டும் பிரதான களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பதிவேற்ற நேரங்கள் யூ.டி.சியில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். நிறுவியதும் ஆப்ட் பாலிசி கட்டளையால் எண்ணைப் பார்த்து எழுதி வையுங்கள். எண் இல்லாத சரிபார்ப்புக் குறிப்புக்கு மதிப்பில்லை.

நிறுவும்போது வரக்கூடிய இடறல் ஈடிசி/சோஸ் கோப்புறையில் உள்ள சோஸ்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பு. அதில் நீங்கள் கை வைத்திருந்து, புதிய பதிப்பிலும் அந்தக் கோப்பு மாறியிருந்தால் டிபிகேஜி எதை வைத்திருப்பது என்று கேட்கும். தானியங்கிப் புதுப்பிப்பு அந்தக் கேள்வியைச் சந்திக்க விரும்பாமல் அந்தப் பக்கேஜையே தவிர்த்துவிடும். சோதனைக் கணினிகளில் ஒன்றிலாவது இந்தக் கோப்பை வேண்டுமென்றே மாற்றி வைத்து நிறுவிப் பாருங்கள்.

இனி ஒப்பீடு. பழைய பதிப்பு இருக்கும்போதே சோஸ் ரிப்போர்ட்டைச் சிறிய ‘எல்’ விருப்பத்தோடு ஓட்டி, பிளகின் (ஒவ்வொரு மென்பொருளின் தகவலையும் தனித்தனியே எடுக்கும் சோஸின் சிறு பகுதி) பட்டியலை ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்து, கேள்வி கேட்காமல் ஓடும் பேட்ச் விருப்பத்தோடு ஒரு முழு அறிக்கை எடுங்கள். புதிய பதிப்பு ஏறியதும் இரண்டையும் அதே வரிசையில் திரும்பச் செய்யுங்கள். இரண்டு டார் கோப்புகளின் உள்ளடக்கப் பட்டியலை எடுத்து, முதல் கோப்புறைப் பெயரை கட் கட்டளையால் வெட்டிவிட்டு, வரிசைப்படுத்தி, வேறுபாடு காட்டும் டிஃப் கட்டளையில் பாருங்கள். முதல் கோப்புறையின் பெயரில் தேதியும் தற்செயல் எழுத்துகளும் இருப்பதால் அதை வெட்டாவிட்டால் எல்லா வரியும் வேறாகத் தெரியும்.

டிஃபில் கூடுதலாக வருபவை பெரும்பாலும் புதிய பிளகின்கள், மகிழ்ச்சி. காணாமல்போனவற்றில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். சில கோப்புகள் வேறு பிளகினுக்கு இடம் மாறியிருக்கும், மேனிஃபெஸ்ட்.ஜேசன் கோப்பில் எந்தப் பிளகின் எதை எடுத்தது என்று இருக்கிறது, அதில் தேடினால் தெரிந்துவிடும். சில, பதிவுக் கோப்பின் அளவு வரம்பில் அகப்பட்டவை. சோஸ் இயல்பாக 25 எம்.பி வரைதான் எடுக்கும். இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் உங்கள் பதிவுக் கோப்பு அந்த வரம்பைத் தாண்டி வளர்ந்திருந்தால் வேறுபாடு கருவியுடையது அல்ல. சில, பிளகின் நடுவிலேயே விழுந்ததால் வராதவை. அதற்கு சோஸ்_லாக்ஸ் கோப்புறையில் பிளகின் பெயரோடு ‘பிளகின்-எரர்ஸ்’ என்று முடியும் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே எந்த வரியில் விழுந்தது என்று காட்டும் பைத்தான் ட்ரேஸ்பேக் முழுதாக இருக்கும். 22.04 இல் பைத்தான் 3.10, 24.04 இல் 3.12, ஒரே மூலநிரல் இரண்டிலும் ஓட வேண்டியிருப்பதால் ஒன்றில் சரியாக ஓடி மற்றதில் விழுவது நடக்கக்கூடியதே. ஒரு வெளியீட்டில் பார்த்துவிட்டு இரண்டுக்கும் டேக் மாற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நேரம் கடந்து விழுபவை தனி வகை. ஒரு பிளகினுக்கு 300 வினாடி, ஒரு கட்டளைக்கு 300 வினாடி என்பது இயல்பு வரம்பு. மேனிஃபெஸ்டில் டைம்அவுட்_ஹிட் என்ற புலம் உண்மை என்று இருந்தால் அந்தப் பிளகின் வெட்டப்பட்டிருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள சேர்வர்களில் இது எளிதாக வரும். பழைய பதிப்பில் வராமல் புதியதில் மட்டும் வந்தால் திரும்ப ஓட்டி உறுதி செய்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது கெர்னல் மாட்யூல், அதாவது தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டு. ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலின் விதிகளைப் பட்டியலிடும் சாதாரணக் கட்டளைகூட, மாட்யூல் ஏறாத கணினியில் அதை ஏற்றிவிடும். நோயறியும் கருவி கணினியின் நிலையை மாற்றக் கூடாது என்பதால் சோஸ் அப்படிப்பட்ட கட்டளைகளுக்கு முன்நிபந்தனை வைத்திருக்கிறது. அலவ்-சிஸ்டம்-சேஞ்சஸ் என்று வெளிப்படையாகக் கேட்டால்தான் மீறும். புதிதாகச் சேர்ந்த பிளகின் ஒன்று அந்த நிபந்தனையை மறந்திருக்கலாம். ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் கட்டளையின் வெளியீட்டில் முதல் நெடுவரிசையை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இதை வெர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். எல்எக்ஸ்டி கொண்டெய்னரில் கெர்னல் ஹோஸ்டுடையது, பல பிளகின்கள் அங்கே எழவே மாட்டா.

எங்களுக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி கடவுச்சொற்கள். சோஸின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: சி.வி.இ (பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியல்) 2022-2806 என்பது, வெர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் ஓவர்ட் என்ற மென்பொருளின் சூழலில் நிர்வாகியின் கடவுச்சொல்லை மறைக்காமலே அறிக்கைக்குள் எடுத்த குறை. ஆகவே ஒரு வெற்று வெர்ச்சுவல் மெஷினில் பொய்க் கடவுச்சொற்களை விதைத்துவிட்டு ஓட்டுகிறோம். மைஎஸ்கியூஎல் அமைப்புக் கோப்பில் ஒன்று, நெட்பிளான் கோப்பில் வைஃபைக்கு ஒன்று, எஃப்எஸ்டேபில் வலையமைப்புப் பகிர்வுக்கு ஒன்று, டாக்கர் கொண்டெய்னரின் சூழல் மாறியில் ஒன்று. ஒவ்வொரு இடத்துக்கும் வேறு சொல்லாக இருக்க வேண்டும், அகராதியில் இல்லாததாகவும் இருக்க வேண்டும். அறிக்கையை விரித்து முழுக் கோப்புறையிலும் கிரெப் கட்டளையால் தேடினால் எந்தச் சொல் எந்தக் கோப்பு வழியாகக் கசிந்தது என்று உடனே தெரியும்.

கசிவு பழைய பதிப்பிலும் இருந்தால் அது இந்தப் புதுப்பிப்பைத் தடுக்கும் காரணம் ஆகாது, ஆனால் விட்டுவிடவும் கூடாது. பொதுவில் எழுதாமல், லாஞ்ச்பேடில் பாதுகாப்புக் குறை என்று தேர்ந்தெடுத்துத் தனியாகப் பதியுங்கள். பழையதில் மறைந்து புதியதில் தெரிந்தால் வெரிஃபிகேஷன்-ஃபெயில்ட் டேக் போட வேண்டியதுதான்; கசியும் விவரத்தை அங்கும் விரித்து எழுதாதீர்கள்.

கிளீன் விருப்பத்தையும் கட்டாயம் ஓட்டுங்கள். ஐ.பி முகவரி, கணினிப் பெயர், மேக் முகவரி, பயனர் பெயர் எல்லாவற்றையும் அது மாற்றி எழுதும். உங்கள் உள்வலையமைப்பின் டொமைன் பெயரை டொமைன்ஸ் விருப்பத்தில் கொடுங்கள், நிறுவனப் பெயர் போன்றவற்றை கீவேர்ட்ஸ் விருப்பத்தில் கொடுங்கள். கருவி எல்லாவற்றையும் தானாக ஊகிக்காது. எது எதுவாக மாறியது என்ற வரைபடக் கோப்பு அறிக்கைக்குப் பக்கத்திலேயே பிரைவேட்_மேப் என்று கிடக்கும். அறிக்கையோடு சேர்த்து அதையும் அனுப்பினால் மறைத்ததற்கே பொருளில்லை. தமிழிலும் சிங்களத்திலும் பெயரிட்ட கோப்புகள், பதிவுகளுக்குள் தமிழ் வரிகள் இருக்கும் ஒரு கணினியிலும் இதை ஓட்டிப் பாருங்கள். யூனிக்கோட் பிழைகள் ஆங்கிலம் மட்டும் உள்ள சோதனைக் கணினிகளில் வெளிப்படமாட்டா. நம் ஊர்க் கணினிகள் இந்தச் சரிபார்ப்புக்குக் கொடுக்கக்கூடிய உண்மையான பங்களிப்பு இது.

இடம் பற்றி ஒரு வார்த்தை. சுருக்குவதற்கு முன் எல்லாமே டெம்ப் கோப்புறையில் விரிந்து கிடக்கும். ஆல்-லாக்ஸ் போட்டால் 25 எம்.பி வரம்பும் போய்விடும். எஸ்டிமேட்-ஒன்லி விருப்பம் எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லும், சுருக்காத அளவில். வேறு டிஸ்க்குக்கு டெம்ப்-டிர் மூலம் திருப்பிவிட்டிருந்தால், நடுவில் கரண்ட் போய்விட்டால் பாதி அறிக்கை அங்கேயே தங்கிவிடும், யாரும் துடைக்கமாட்டார்கள். உள்ளே இருப்பது ரூட் மட்டும் படிக்க வேண்டிய கோப்புகளின் நகல். நீங்களே போய் அழியுங்கள்.

எல்லாம் சரியென்றால் பிழை அறிக்கையில் குறிப்பு எழுதுங்கள்: பக்கேஜின் முழுப் பதிப்பு எண், எந்த வெளியீடு, எந்த வகைக் கணினி, ஓட்டிய கட்டளைகள், சோதனைத் திட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் என்ன விடை. பிறகு அந்த வெளியீட்டின் நீடட் டேக்கை எடுத்துவிட்டு வெரிஃபிகேஷன்-டன் டேக்கைப் போடுங்கள். டார் கோப்பை எக்காரணம் கொண்டும் அங்கே இணைக்காதீர்கள். பக்கம் பொதுவானது, உங்கள் கணினியின் முழு உட்புறமும் அந்தக் கோப்பில் இருக்கிறது. தேவையான நாலு வரியை வெட்டி ஒட்டினால் போதும்.

நடுவில் திருத்தத்தோடு புதிய பக்கேஜ் புரொபோஸ்டுக்கு வந்தால் 7 நாள் கணக்கு மறுபடி தொடங்கும், சரிபார்ப்பும் மறுபடி வேண்டும். கட்டளைகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி வைத்திருந்தால் அந்த நாள் வீணாகாது.

எல்லோருக்குமான அப்டேட்ஸ் பகுதிக்குப் போன பிறகும் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் கிடைக்காது. முதலில் 10 விழுக்காடு, பிறகு 6 மணிக்கொரு தடவை 10 விழுக்காடாகக் கூடும். முறை வராத கணினியில் இந்தப் படிப்படியான வெளியீடான ஃபேசிங் காரணமாக ஒத்திவைத்ததாக ஆப்ட் சொல்லும். அது பழுது இல்லை. முறையைத் தீர்மானிப்பதில் கணினிக்குரிய அடையாள எண்ணான மெஷின்-ஐடி பங்கு வகிக்கிறது. ஒரே வெர்ச்சுவல் மெஷினை நகலெடுத்து, மெஷின்-ஐடியை மாற்றாமல் ஓட்டும் இடங்களில் எல்லாச் சேர்வருக்கும் ஒரே கணத்தில் முறை வரும், படிப்படியாக வருவதன் பாதுகாப்பு அங்கே கிடைக்காது. நகல் எடுத்ததும் அதை மாற்றிவிடுங்கள்.

சோதித்த கணினியில் புரொபோஸ்ட் வரியை நீக்கி ஆப்ட் அப்டேட் கொடுங்கள். விதைத்த பொய்க் கடவுச்சொற்களோடு எடுத்த அறிக்கைகளை வெர்ச்சுவல் மெஷினோடு சேர்த்து அழித்துவிடலாம். உண்மையான சேர்வரில் ஒப்பீட்டுக்காக எடுத்த இரண்டு அறிக்கைகளும் இன்னும் டெம்பில் கிடக்கும், அவற்றையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.