ஃபோகஸ் குறிப்புகள்: புள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஜூன் 4
மங்கலாக வந்த படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள) கேமராவைத் திட்ட வேண்டும். பின்னால் உள்ள செடியோ முன்னால் நீண்ட கையோ பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் இடம் மாறி விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. கடைசி இரண்டையும் ஃபோகஸ் அமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

ஜூன் 5
வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) ஓரத்து டயாப்டர் திருகு பற்றி. காட்சியைப் பார்த்துத் திருகக் கூடாது. உள்ளே கீழே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை திருக வேண்டும். இது கண்ணுக்கான சரிக்கட்டல் மட்டுமே, படத்தை மாற்றாது.

ஜூன் 7
அசையாத பொருளுக்குக் கேனானில் ஒன் ஷாட்; நிக்கானில் ஏஎஃப்-எஸ் (ஏஎஃப் என்றால் ஆட்டோஃபோகஸ்). ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அசையும் பொருளுக்குக் கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானில் ஏஎஃப்-சி. பாதி அழுத்தியிருக்கும்வரை தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். சர்வோவில் வைத்துவிட்டு, வியூஃபைண்டரில் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியில் முகத்தைப் பிடித்து கேமராவைத் திருப்பினால் ஃபோகஸ் பின்னாலுள்ள சுவருக்குப் போய்விடும். பலர் லென்ஸைச் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான். இரண்டுக்கும் நடுவே கேமராவே முடிவெடுக்கும் ஏஐ ஃபோகஸ், ஏஎஃப்-ஏ இருக்கின்றன. உட்கார்ந்திருப்பவர் லேசாக அசைந்தாலே குழம்பக்கூடியவை, தொடாமல் விடலாம்.

ஜூன் 8
புள்ளித் தேர்வைத் தானியங்கியில் விட்டால், கேமரா பெரும்பாலும் அருகிலுள்ள, மாறுபாடு அதிகமான பொருளைப் பிடிக்கும். முகத்தில் அது மூக்காக இருக்கலாம். கணக்கைப் பாருங்கள்: ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார், 50 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப் 1.8, தூரம் 1 மீட்டர். கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 3 செ.மீ.க்குள். புள்ளி மூக்கு நுனியில் விழுந்தால் அதில் பாதி முகத்துக்கு முன்னாலேயே வீணாகும், கண் மங்கிவிடும். ஒற்றைப் புள்ளியை எடுத்து, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள். பூட்டிய பிறகு ஆளோ நீங்களோ 2 செ.மீ. சாய்ந்தாலும் போச்சு; உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆழம் கூடும்படி எஃப் 2.8க்குப் போகலாம்.

ஜூன் 11
மங்கிய வெளிச்சத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால் நடுப்புள்ளிக்கு மாறுங்கள். பல கேமராக்களில் அது மட்டுமே குறுக்குவகை: கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிக்கும். வெற்றுச் சுவரை எந்தப் புள்ளியாலும் பிடிக்க முடியாது. சட்டைக் காலர் போன்ற விளிம்பைக் கொடுக்க வேண்டும்.

ஜூன் 12
ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்புற ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுக்கலாம். சர்வோவிலேயே வைத்து, கட்டைவிரல் அழுத்தினால் பின்தொடரும், எடுத்தால் நிற்கும். கேமராவை வேறொருவரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும்போது மட்டும் பழையபடி மாற்றிக் கொடுங்கள்.

ஜூன் 16
எல்லாம் சரியாக இருந்தும், எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே பக்கமாகத் தவறினால் கேமரா மெனுவில் ஏஎஃப் நுண்சரிசெய்தல் செய்ய வேண்டும். ட்ரைபாட், முழுத் திறப்பு, குவியத்தூரத்தைப் போல் சுமார் 50 மடங்கு தூரம், 50 மி.மீ.க்கு இரண்டரை மீட்டர். வியூஃபைண்டர் வழியே ஒரு படம், லைவ் வியூவில் (பின்புறத் திரையைப் பார்த்து) ஒரு படம். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக வந்தால் கண்ணாடிக்குக் கீழுள்ள ஏஎஃப் சென்சாருக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் கூட்டல் பக்கம், பின்னால் விழுந்தால் கழித்தல் பக்கம். ஐந்தைந்தாக நகர்த்திப் பாருங்கள். அளவு இரு பக்கமும் 20 வரை. ஆரம்பநிலை கேமராக்களில் பெரும்பாலும் இந்த மெனுவே இருக்காது, சர்வீஸ் சென்டர்தான்.