பேர் கொடுத்தால் நிற்கும் ரயில்

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு மாமா எனக்குக் கையைக் காட்டினார். அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவர். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆன பிறகும், எதில் ஏறினாலும் முதலில் கண்ணாலேயே தலையை எண்ணிவிடுவார்.

"ஏட்டி, ஒங்க ஊர்ல இந்த மாதிரி வண்டியெல்லாம் உண்டா?"

'ஒங்க ஊர்' என்று அவர் சொன்னது கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரை இல்லை. மூன்று வருஷமாக நான் நர்ஸாக வேலை பார்க்கும் மெரிடினை. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்குக் கிழக்கே சாலையில் 260 கிலோமீட்டர். சுற்றிலும் கோதுமைக் காடு. ஊர் ஜனம் மூவாயிரம்கூட இல்லை. சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு நின்றால் அதில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம்.

மாமாவுக்குக் கணக்கில் சொன்னால்தான் பிடிக்கும். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால் இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். 2011 கணக்கெடுப்பில் 30 லட்சத்து 77 ஆயிரம் பேர். மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க ஏறக்குறைய அதே 30 லட்சம் பேர்தான். ஆனால் பரப்பளவு 25 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் பழைய மாவட்டம் ஏழாயிரத்தைத் தொடாது. போதாக்குறைக்கு, அந்த முப்பது லட்சத்தில் பெரும்பாலானவர்கள் பெர்த்தைச் சுற்றியே இருக்கிறார்கள். மிச்சம் இருக்கிறவர்களை அத்தனை பெரிய மண்ணில் தூவிவிட்டால் எப்படி இருக்கும்?

"அப்போ ரூட்டே கட்டாதே" என்றார் மாமா. அதுதான் அவர் முதல் கவலை.

வண்டி டவுன் ஸ்டேஷனில் நின்று, பேட்டையைத் தாண்டியது. எதிர் சீட்டில் ஒரு ஆச்சி பனங்கிழங்குக் கட்டோடு உட்கார்ந்து எங்கள் பேச்சைக் காசில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மெரிடினுக்குப் போன முதல் நாள் கதையைச் சொன்னேன்.

பெர்த்தில் விமானம் இறங்கும்போது காலை. மெரிடினுக்கு ரயில் உண்டு என்று எனக்கு வந்த கடிதத்தில் இருந்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. எந்த ஸ்டேஷன் என்பதை மட்டும் நான் சரியாகப் படிக்கவில்லை. ஒரு ஊர் என்றால் நடுவில் ஒரு ஜங்ஷன், எல்லா வண்டியும் அங்கேதான் வரும் என்று நம் ஊர்ப் புத்தி. நகரத்துக்கு நடுவில் இருக்கும் பெர்த் ஸ்டேஷனில் இரண்டு பெட்டியை உருட்டிக்கொண்டு நின்றேன். வந்ததெல்லாம் நகர ரயில். மெரிடின் போகும் வெளியூர் வண்டி கிழக்கு பெர்த் என்ற தனி நிலையத்திலிருந்து கிளம்பும். விசாரித்து, நகர ரயிலில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தபோது நடைமேடை காலி. நாலு நிமிஷம்.

"அடுத்த வண்டி எப்போ?" என்று கவுண்டரில் கேட்டேன்.

"நாளைக்கு."

மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். "நாங்களா இருந்தா 'பின்னாலயே வருது'ன்னு சொல்லுவோம். வராது. ஆனா சொல்லுவோம்லா."

உண்மைதான். நம் ஊரில் யாரும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்து வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. ரோட்டுக்கு வந்தால் ஏதோ ஒன்று வரும், அதில் தொங்கிக்கொண்டாவது போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த நம்பிக்கை எனக்குள் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது, அன்று ராத்திரி ஒரு விடுதி அறையில் டாலரை ஐம்பத்தைந்தால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் ஏறியது பெர்த்திலிருந்து கால்கூர்லி போகும் வண்டி. பெயர் பிராஸ்பெக்டர். தங்கம் தேடிப் போகிறவன் என்று அர்த்தம். கால்கூர்லியில் 1893-இல் தங்கம் கிடைத்து, அந்தப் பாலைக்கு ஜனம் ஓடிய கதை அந்தப் பெயரில் இருக்கிறது. தூரம் 653 கிலோமீட்டர். நம் நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு ஓடுகிற தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் அது விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி என்று எத்தனை பெரிய ஊரைத் தொடுகிறது! இதில் நார்தம் தாண்டினால், எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும் ஊர்கள்தான். மெக்கரிங் என்று ஒன்று. 1968 அக்டோபர் 14 அன்று வந்த பூகம்பத்தில் தண்டவாளமே பாம்பு மாதிரி நெளிந்துபோன ஊர். அப்புறம் கன்டர்டின், டாமின், கெல்லர்பெரின், மெரிடின், பரகாப்பின். கல்லிடைக்குறிச்சி, காருகுறிச்சி, ஆழ்வார்குறிச்சி என்று நமக்கு வருவது போல அந்தப் பக்கத்துப் பெயர்கள் 'இன்' என்று முடிகின்றன. அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் வழி வந்த பெயர்கள். முதல் தடவை அந்த வரிசையைப் பலகையில் படித்தபோது, ஏனோ தெரியவில்லை, கொஞ்சம் தைரியம் வந்தது.

தண்டவாளத்துக்குத் துணையாக ஒரு பெரிய குழாய் கூடவே வரும். பெர்த் பக்கத்து மலையிலிருந்து தங்க வயலுக்கு 530 கிலோமீட்டர் தண்ணீர் கொண்டுபோகிற குழாய். 1903-இலிருந்து ஓடுகிறது. கன்னடியன் கால்வாயைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது அதிசயமாக இருந்தது. மாமாவுக்கு அதில் ஆர்வமில்லை.

"டிக்கெட் எத்தனை விழும்? அதச் சொல்லு."

அதைச் சொல்லத்தான் நானும் காத்திருந்தேன்.

அந்த வழியில் சில ஸ்டேஷன்களில் வண்டி சும்மா நிற்காது. அங்கே ஏறவோ இறங்கவோ யாராவது முன்பதிவு செய்து பேர் கொடுத்திருந்தால்தான் நிற்கும். இல்லையென்றால் ஒரு தகரக் கூரை ஜன்னலில் பறந்து போகும், அவ்வளவுதான். ஒரு ஜூன் மாதம், பெர்த்தில் பரீட்சை ஒன்றை எழுதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அங்கே அது குளிர்காலம், ஆறு மணிக்கு முன்பே கும்மிருட்டு. வண்டியில் வேலை பார்க்கும் பெண் நடந்து வந்து, எனக்கு முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டியிடம் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அடுத்தது உங்க இடம் என்றாள். வேகம் குறைந்தது. வெளியே விளக்கில்லை, வீடில்லை. ஒரே ஒரு வண்டியின் ஹெட்லைட் மட்டும். மூன்று பெட்டி ரயில் நின்றது. பாட்டி கேக் டப்பாவோடு பைய இறங்கினாள். பையனோ பேரனோ, ஒருத்தன் வந்து பையை வாங்கிக்கொண்டான். கதவு மூடி வண்டி கிளம்பியது.

"ஒரே டிக்கெட்டா?" என்றார் மாமா.

"ஒரே டிக்கெட்."

"அதுக்கு நிப்பாட்டுனானா?"

"நிப்பாட்டுனான் மாமா. பேரு எழுதியிருக்குல்லா."

மாமா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சர்வீஸில், ஸ்டாப்பில் கூட்டத்தைப் பார்த்ததும் டிரைவரை நிறுத்தாமல் போகச் சொன்ன நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். நூற்றிருபது பேர் ஏற்றின பஸ்ஸில் இன்னும் இருபது பேரை எங்கே வைப்பது? கூட்டம் இருப்பதால் நிற்காத பஸ்ஸும், ஒரு ஆளுக்காக நிற்கும் ரயிலும் என் தலைக்குள் அடுத்தடுத்து ஓடின. ஆனால் அந்த ரயிலை ரொம்பவும் புகழ முடியாது. பாட்டி பேர் கொடுக்க மறந்திருந்தால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. ஷேர் ஆட்டோ இல்லை, மினி பஸ் இல்லை, 'ஏறும்மா, ஆத்துப் பாலத்துல எறக்கி விடுதேன்' என்கிற லோடு ஆட்டோக்காரர் இல்லை.

மெரிடினுக்குள்ளும் அப்படித்தான். முதல் ஆறு மாதம் கார் இல்லாமல் இருந்தேன். காய்கறி வாங்கப் போக நடை. ஜனவரியில் நாற்பது டிகிரி வெயில், முகத்தை விட்டு விலகாத ஈ. அந்தக் காலத்தில் என் பொதுப் போக்குவரத்து என்பது பாதி ரயில், பாதி அடுத்தவர் கார். கூட வேலை பார்த்த ஒரு மலையாளி அக்கா ஞாயிற்றுக்கிழமை தோறும் நார்தம் போவார், நானும் தொற்றிக்கொள்வேன். பதிலுக்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம். ஊரிலிருந்து கொண்டுபோன கட்டு இப்படித்தான் கரைந்தது.

அந்த ரயிலில் ஏறுகிறவர்கள் யார் என்று ஒரு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்ட வயசாளிகள், விடுதியில் படிக்கும் பிள்ளைகள், என்னைப் போல வந்து இறங்கியவர்கள், பெர்த்தில் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிற நோயாளிகள். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டியிருந்தால் மாநில அரசு பயணச் செலவுக்கு உதவுகிறது. அந்தப் படிவத்தை நிரப்புவது எங்கள் ஆஸ்பத்திரி வேலையில் ஒரு பாதி. ரயிலுக்குக் காத்திருக்க முடியாத நோயாளி என்றால் விமானம்தான். பறக்கும் டாக்டர் சேவை என்று 1928-இல் குவீன்ஸ்லாந்தில் தொடங்கியது, இன்று நாடு முழுக்க உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுதளத்தில் ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்திருக்கிறேன். மேலே அத்தனை நட்சத்திரம். நம் 108 வண்டிக்கு இறக்கை முளைத்தது போல அது வந்து இறங்கும்.

காருகுறிச்சி தாண்டியதும் ஆச்சி வாயைத் திறந்தாள். "அங்கன ராத்திரி படுத்துட்டுப் போற ரயிலு இல்லையா தாயி?"

உண்டு ஆச்சி என்றேன். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு 4,352 கிலோமீட்டர், மூன்று ராத்திரி. இந்தியன் பசிபிக் என்று பெயர். நம் நாடு இல்லை, இரண்டு கடலின் பெயர். வழியில் நல்லர்போர் என்ற பொட்டலில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் தண்டவாளம் போகிறது. உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை அதுதான். 1917-இல் அந்தப் பாதையைப் போட்டு முடித்தாலும், அகலம் வேறு வேறு என்பதால் ஆங்காங்கே இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. ஒரே வண்டியில் கடல் விட்டுக் கடல் போக 1970 ஆகிவிட்டது. மீட்டர்கேஜில் ஆடி ஆடிப் போன நம் தென்காசி லைனில் 2012-இல் அகலப்பாதை வந்தபோது பட்ட சந்தோஷத்தை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வண்டியை இப்போது போக்குவரத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து போகிற மலிவு வகுப்பை 2016-இல் எடுத்துவிட்டார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு போகிற பணக்காரச் சுற்றுலா அது. எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். பார்த்துக் கையாட்டுவதோடு சரி.

"நமக்கு பிங்க் பஸ்ஸு போதும்" என்று ஆச்சி முடித்துவிட்டாள்.

பெர்த்திலும் நகரத்துக்கு நடுவில் சுற்றும் 'கேட்' (CAT) என்ற பஸ்ஸுக்குக் காசு கிடையாது, ஆண் பெண் எல்லோருக்கும். மற்ற பஸ்களில் கண்டக்டர் இல்லை, அட்டையைத் தட்டிவிட்டு ஏற வேண்டும், இறங்கப் பட்டனை அமுக்க வேண்டும். ஸ்டாப்பில் கையை நீட்டாமல் நின்றால் பஸ் போய்விடும். இறங்கும்போது சின்னப் பிள்ளை முதல் எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். விசில் இல்லை, ரைட் இல்லை.

"கண்டக்டர் இல்லாம எவன் கணக்குப் பாப்பான்?" என்றார் மாமா. ரொம்ப நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பார் போல.

கார் வாங்கிவிட்டேன் என்பதையும் அவரிடம் சொன்னேன். வாங்காமல் முடியாது. ஆனால் அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும். மூன்று பெட்டி கோத்த லாரி எதிரே வரும்போது நம் வண்டி தூக்கிப்போடும். அதனால் பெர்த்துக்கு இன்றும் ரயில்தான். இரண்டு நாளைக்கு முன்னமே பேர் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் முந்திப் போய் நடைமேடையில் நிற்கிறேன். அந்த நாலு நிமிஷம் இன்னும் போகவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கினோம். பத்து ரூபாய் டிக்கெட்டில் அத்தனை பேச்சு. மணிமுத்தாறு போகும் டவுன் பஸ் தயாராக நின்றது. நான் முன்வாசல், மாமா பின்வாசல். எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கும்போது பழக்க தோஷத்தில் டிரைவரைப் பார்த்து, "ரொம்ப நன்றிண்ணே" என்றேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, எதையும் விட்டுட்டியளா?"

"ஒண்ணும் விடல, நீரு போம்" என்று பின்னாலிருந்து மாமா பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். "ரைட்!"