கத்திரிக்கு முன்னால் எங்கள் பங்க்கில் பார்க்கிற வேலைகள்

வெயில் செய்தியில் 'அதிகபட்சமாகக் கரூர் பரமத்தியில்' என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பங்க்கின் மேற்குப் பக்கத்து பெட்ரோல் பம்ப்தான் நினைவுக்கு வரும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தப் பக்கம் கூரைக்கு அடியிலேயே வெயில் புகுந்துவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பம்ப் திணற ஆரம்பித்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் நாசிலில் நூல் மாதிரி, அதுவும் விட்டு விட்டுத்தான் வருகிறது. மோட்டார் போய்விட்டது என்று பயந்து சர்வீஸ்காரரை அழைத்தேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. ஃபில்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "இதைப் பாருங்கண்ணா, அப்புறம் டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு அளவுகோலை விட்டு ஒரு டிப் போடுங்க" என்றார்.

எங்களுடையது மேலே இருந்துகொண்டு உறிஞ்சுகிற பம்ப். டேங்குக்குள்ளேயே மோட்டார் இருந்து தள்ளுகிற சப்மெர்சிபிள் என்றால் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பெட்ரோலில் இருக்கிற லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பும். ஃபில்டர் அடைத்திருந்து, டேங்கிலும் மட்டம் இறங்கியிருந்தால் பம்ப் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும், அப்போது அதற்குக் கிடைப்பது பாதி ஆவிதான். அன்று எங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடந்தது. அதிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லா ஃபில்டரும் புதிது, வெயில் காலம் முடிகிறவரை பெட்ரோல் டேங்க் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்குவதற்குள் அடுத்த லோடுக்குச் சொல்லிவிடுவேன். சில இடங்களில் பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போடுகிறார்கள். உள்ளே மின்சாரம் ஓடுகிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனால் பம்ப் நின்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது எர்த் குழிகள், அதாவது எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற குழிகள். லாரியிலிருந்து பெட்ரோல் ஹோஸ் வழியாக இறங்கும்போது உரசலில் நிலைமின்சாரம் சேரும், அது பூமிக்குப் போவதற்காகத்தான் லாரியில் எர்த் கிளிப்பை மாட்டிவிட்டு இறக்குகிறோம். கிளிப் மாட்டியாகிவிட்டது, பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம், சரி, அந்தக் கம்பி போய்ச் சேருகிற மண் எப்படி இருக்கிறது? ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கும். எங்கள் ஊர் மண் மார்ச் கடைசியிலேயே பொரிந்துபோய்விடும். ஒரு வருடம் மே மாதத்தில் மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தபோது, மழைக்காலத்தில் அளந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. அதே குழி, அதே கம்பி. இப்போது வாரம் மூன்று நாள் காலையில் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் ஊற்றுகிறோம். கிளிப் கடிக்கிற இடத்தில் பெயின்டோ துருவோ இருந்தால் சுரண்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று பையன்களிடம் ஒவ்வொரு லோடுக்கும் சொல்கிறேன்.

டீசல்தானே என்று அசட்டையாக இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டு டீசலுக்கு ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்கிற சூடு, குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும் என்றுதான் தரநிலை. வெளியே 42 அடிக்கிற நாளில் சிந்திக் கிடக்கிற டீசல் மார்கழியில் கிடந்த டீசல் மாதிரி இல்லை.

டென்சிட்டி, அதாவது அடர்த்தி, பார்ப்பதிலும் சூட்டைக் கவனிக்க வேண்டும். லோடு வந்ததும் நாங்கள் அளந்து, 15 டிகிரி சூட்டில் எவ்வளவு இருக்கும் என்று மாற்றிப் பார்க்கிற டென்சிட்டிக்கும், சலானில் இருப்பதற்கும் 3 புள்ளிக்கு (ஒரு புள்ளி என்றால் கனமீட்டருக்கு ஒரு கிலோ) மேல் வித்தியாசம் வரக்கூடாது. ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் டென்சிட்டி கிட்டத்தட்ட 0.8, 0.9 புள்ளி மாறும். அதாவது தெர்மாமீட்டர் நாலு டிகிரி தப்பாகக் காட்டினால், நல்ல லோடையே திருப்பி அனுப்புவோம், இல்லையென்றால் கெட்ட லோடை இறக்கிக்கொள்வோம். அதனால் ஜாரும் தெர்மாமீட்டரும் நிழலில்தான் இருக்க வேண்டும், எடுத்த கையோடு பார்த்துவிட வேண்டும். பம்ப் சரியாக அளக்கிறதா என்று பார்க்கிற ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தையும் வெயிலில் காயப் போடாதீர்கள். அதில் 25 மில்லிதான் கூடக் குறைய இருக்கலாம், சூடான பாத்திரத்தில் பெட்ரோலை ஊற்றி அதைச் சரியாகப் பார்க்க முடியாது.

டேங்க் மூச்சு விடுகிற வென்ட் குழாயையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். போன வருடம் எங்களுடையதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

காலையில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்குமா என்று வாடிக்கையாளர்கள் இன்னமும் கேட்கிறார்கள். டேங்க் மண்ணுக்குள் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு அவ்வளவாக மாறாது. வெயிலில் நின்று வருகிற லாரியின் கதை வேறு. லிட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் ஒரு மில்லி என்று வைத்தால், 12,000 லிட்டர் லோடு டேங்குக்குள் ஐந்து டிகிரி ஆறினாலே 60 லிட்டர் சுருங்கிவிடும். புதிதாகப் பங்க் எடுத்தவர்கள் இதைத் திருட்டு என்று நினைத்துப் பையன்களைச் சந்தேகப்படுவதைப் பார்த்திருக்கிறேன், முதலில் லோடின் சூட்டைக் குறித்து வையுங்கள்.

கத்திரிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. ஜெனரேட்டர் ரேடியேட்டர் நாளைக்குக் கழுவ வேண்டும். இன்று காலை மூன்றாவது எர்த் குழியில் இரண்டு குடம் ஊற்றினோம், ஊற்ற ஊற்ற உறிஞ்சிக்கொண்டே இருந்தது.