‘தலைவலி’ என்று எழுதிக் கொடுத்த சீட்டால் வந்த வினை

ஒரு மாதமாக இதை எழுத நினைத்து, திரையைப் பத்து நிமிடம் பார்த்தாலே கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்ததால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது தலை பரவாயில்லை, கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கிடங்கில் ஸ்டாக் கணக்கு பார்க்கிற வேலை எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழ்த்தட்டுப் பெட்டியின் எண்ணைக் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்தேன். மேல்தட்டின் இரும்புச் சட்டம் பின்னந்தலையில் ணங்கென்று இடித்தது. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை, நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு, அவ்வளவுதான். சூப்பர்வைசர் சிரித்தார், நானும் சிரித்தேன். அப்போதே விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் நீட்டிய கிராண்ட்பா பொடியைப் போட்டுக்கொண்டு மாலை வரை வேலை பார்த்தேன். இந்த ஊரில் எந்தத் தலைவலிக்கும் அதுதான் கைமருந்து. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. தலையில் அடிபட்ட முதல் ஓரிரு நாள் ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், உள்ளே கசிவு இருந்தால் அதிகமாகிவிடும், பாரசிட்டமால் போதும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி விஷயம் மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டி காதுக்குப் போய்விட்டது. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம், நல்ல மனசு. “தலையில் அடிபட்டவனைத் தூங்க விடாதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், என் மனைவி மணிக்கு ஒரு தடவை உலுக்கி எழுப்பி, “என் பேர் என்ன, சொல்லுங்க” என்று பரீட்சை வைத்தாள். நினைவு தெளிவாக, பேச்சும் நடையும் சரியாக இருக்கிறவன் தாராளமாகத் தூங்கலாமாம், கூட ஒருவர் இருந்தால் போதும். பயப்பட வேண்டியது வேறு: எழுப்பினாலும் எழாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, நாக்கு குழறுவது, கை கால் வலுவிழப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது. இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும். எனக்கு இதில் எதுவும் இல்லை, தூக்கம்தான் போச்சு.

மறுநாள் மினிபஸ் டாக்ஸியில் பாட்டுச் சத்தம் மண்டைக்குள் இறங்கியது. வேலைக்குப் போனால் 4718 என்பதை 4178 என்று மூன்று தடவை அடித்தேன், வெளிச்சம் கண்ணைக் கூசியது, குமட்டல் வேறு. சரி என்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். பார்த்ததும் பச்சை என்று குறித்து உட்கார வைத்தார்கள். இங்கே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தைப் பொறுத்துத் தரம் பிரிப்பார்கள், பச்சை என்றால் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறு மணி நேரம். கடைசியில் பார்த்த சின்ன வயது டாக்டர் பாவம், நின்றுகொண்டே தூங்கிவிடுவார் போல இருந்தார். மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தீர்களா என்று கேட்டு, கண்ணில் டார்ச் அடித்து, ஸ்கேன் தேவையில்லை என்றார். அதில் எனக்குக் குறை இல்லை. சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான், மூளை குலுங்கியது அதில் பொதுவாகத் தெரியாது. என் குறையெல்லாம் அந்தச் சீட்டைப் பற்றி. ‘தலைவலி, 2 நாள் ஓய்வு’ என்று மட்டும் எழுதியிருந்தார். எங்கே இடித்தது, எப்படி இடித்தது என்று ஒரு சொல் இல்லை. நானும் படித்துப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். கிளார்க் அந்தச் சீட்டைப் பார்த்து, “தலைவலிக்கு சிக் லீவ்தான்” என்றார். வேலையில் அடிபட்டது, இது ஐ.ஓ.டி., அதாவது பணியின்போது பட்ட காயம் என்றேன். பதிவேட்டில் இல்லை, சீட்டிலும் இல்லை, அப்புறம் எங்கே விபத்து என்று கேட்டார். சட்டப்படி வேலையில் நடந்த விபத்தை, தெரிந்த ஏழு நாளுக்குள் டபிள்யூ.சி.எல். 2 என்கிற விபத்து அறிக்கைப் பாரத்தில் முதலாளிதான் அனுப்ப வேண்டும். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 75 சதவீதம் உண்டு, முதல் மூன்று மாதம் அதை முதலாளி கொடுத்துவிட்டு இழப்பீட்டு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த நாட்களை சிக் லீவில் கழிக்கக் கூடாது. இதை நான் சொன்னபோது வார்த்தை பாதியில் தொலைந்து போனது. எதை யார் அனுப்ப வேண்டும் என்று வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் என்னை ஏதோ குடித்துவிட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

நடந்ததைச் சத்தியம் செய்து எழுதிய அஃபிடவிட் கொண்டு வரச் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருவார்கள், ஆனால் நான் பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தேன். எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தால், பார்த்த சாட்சி ஒருவர் எழுதித் தர வேண்டும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன? நல்லவேளை, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஜூலு நண்பர் அன்று பக்கத்திலேயே இருந்தார். கேட்டதும் நின்ற இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தேன். வேலையில் அடிபட்டதா, அப்படியானால் முதலாளியின் பாரம் இல்லாவிட்டால் முன்பணம் கட்ட வேண்டும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் காப்பாற்றியது எங்கள் தெரு முனையில் இருக்கிற ஜி.பி., அதாவது பொது மருத்துவர்தான். அரை மணி நேரம் பார்த்தார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார், டிசம்பரில் கிளம்பி ஆகஸ்டில் மாட்டிக்கொண்டேன். குதிகாலும் விரலும் ஒட்ட ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார், சுவரைப் பிடித்தேன். “இதுதான் கன்கஷன்” என்றார். அடியில் மூளை குலுங்கிப் போவதற்கு அதுதான் பெயர். மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வராதாம். சிலருக்கு மறுநாள்தான் தெரியவே ஆரம்பிக்குமாம். டாக்டர் நிரப்புகிற முதல் மருத்துவ அறிக்கையான டபிள்யூ.சி.எல். 4 பாரத்தில் தேதி, நேரம், கிடங்கின் இரும்புச் சட்டம், பின்னந்தலை, கன்கஷன் எல்லாவற்றையும் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்தால் முதல் டாக்டரிடமே இதை எழுதி வாங்குங்கள், வாங்கியதை அங்கேயே படியுங்கள்.

அவரிடம் ஒரு திட்டும் வாங்கினேன். வியாழனிலிருந்து ஞாயிறு வரை திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருட்டில் படுத்தே கிடந்தேன், அதுதான் சரி என்று நினைத்து. அது பழைய கதை என்றார். ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அந்த நாட்களில் போனையும் கணினியையும் குறைத்துக்கொள்வது, அப்புறம் மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். கொஞ்சம் தலை வலித்தால் பரவாயில்லை, அதிகமானால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். விளையாட்டு வீரர்களுக்காக 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கன்கஷன் மாநாட்டிலும் இதைத்தான் சொன்னார்களாம். ஆறுவதற்குள் இன்னொரு இடி வாங்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். ஏணி, ஃபோர்க்லிஃப்ட் பக்கமே போகாதே என்று எழுதியே கொடுத்தார்.

எட்டு வேலை நாள் வீட்டில், பிறகு ஒரு வாரம் அரை நாள் வேலை. இரைச்சலும் வெளிச்சமும் தொந்தரவு செய்வது மூன்றாவது வாரம் குறைந்தது. மறதி கடைசியாகப் போனது, இன்னும் முழுசாகப் போகவில்லை என்கிறாள் மனைவி, அது கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்தது.

போன வாரம் சம்பளச் சீட்டு வந்தது. கழித்த சிக் லீவ் எட்டு நாளும் திரும்ப ஏறியிருக்கிறது. கிளார்க் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டர் எழுதிய டபிள்யூ.சி.எல். 5 இறுதி அறிக்கையை வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார். நகலிலும் குத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். நான் இடித்துக்கொண்ட சட்டத்துக்கு மஞ்சள் கறுப்புப் பட்டை ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பக்கத்து வரிசையில் ஒட்டியிருக்கிறார்கள்.