மாமரத்தடிச் சருகு

ஒக்டோபர் 3

கச்சான் காற்று அடங்கி நாலைந்து நாளாகிறது. வாடை இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைவெளியில் திருகோணமலை உப்புவெளியில் ஓலைகூட அசையாது. கிணற்றில் வாளி தரை தட்டுகிற சத்தம் கேட்கிறது.

தாழ்வாரத்து மணலில் குழியானைக் குழிகள். மகள் எண்ணிப் பார்த்தாள்: இருபத்துமூன்று. எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்ததுதான் தாமதம், மணல் சரிந்தது. அடியில் புதைந்திருந்தது தலையால் மணலை அள்ளி மேலே வீசி வீசி எறும்பை இன்னும் கீழே இறக்கியது. பிறகு எறும்பைக் காணோம். ஒன்றைத் தோண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மண் நிறத்தில் உளுந்தளவு உடம்பு, முன்னால் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கொடுக்கு. பின்பக்கமாகத்தான் நடக்கும். என் விரலிடுக்கில் பின்னாலேயே புகப் பார்த்தது. இது வளர்ந்து, தும்பி மாதிரிச் சிறகு முளைத்து இராத்திரியில் பறக்கும் என்று சொன்னால் மகள் நம்பவில்லை.

அம்மா வழக்கம்போல வளவு முழுக்கக் கூட்டி, மாமரத்தடிச் சருகைக் குவித்து நெருப்பு வைத்தார். கூட்டிய வளவில் விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாகத் தெரியவேண்டும் அவருக்கு. எனக்கும் அந்த வாசனையும் கோடுகளும் பிடித்துத்தான் வளர்ந்தேன்.

ஒக்டோபர் 9

தும்பிகள் வந்துவிட்டன.

வேலை முடிந்து வரும்போது கடற்கரை ஒழுங்கையில் தலைக்கு மேலே நூறு இருக்கும், இருநூறும் இருக்கலாம். மஞ்சள் உடம்பு, கண்ணாடிச் சிறகு. மற்றத் தும்பிகள் மாதிரி ஈர்க்கில் கண்டால் உட்காருவதில்லை. சிறகை அடிக்காமல் காற்றிலேயே மிதந்து மிதந்து போய்க்கொண்டிருந்தன. அம்மா முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு, "தாழப் பறக்குது, மழை தப்பாது" என்றார்.

அம்மா சொல்வதில் காரணம் இருக்கிறது. இந்தத் தும்பி மழைக் குட்டைகளில் முட்டையிடும் இனம். குட்டை வற்றுவதற்குள், ஆறேழு கிழமையிலேயே, குஞ்சு வளர்ந்து சிறகு கட்டிவிடும். ஆகவே மழை போகிற பக்கம்தான் அதுவும் போகவேண்டும். மாலைதீவில் வசித்த சார்ள்ஸ் அன்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நல்ல தண்ணீர்க் குளம் மிக அரிதான அந்தத் தீவுகளுக்கு வருடா வருடம் ஒக்டோபரில் தும்பிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்கத் தொடங்கி, பல வருடம் குறித்து வைத்து, 2009இல் எழுதினார்: இந்தியப் பக்கத்திலிருந்து கடலுக்கு மேலால் வந்து, மாலைதீவைக் கடந்து, கிழக்கு ஆபிரிக்கா வரைக்கும் போகின்றன என்று. போனது திரும்புவதில்லை. அதன் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோதான் திரும்பும்.

எங்கள் ஒழுங்கையில் பறந்தவை எங்கே போகின்றன என்று யாருக்குத் தெரியும். ஆனால் இதை வாசித்த நாளிலிருந்து தும்பியின் வாலில் நூல் கட்டி விளையாடுகிற பிள்ளைகளைக் கண்டால் நின்று கதை சொல்லாமல் போக என்னால் முடிவதில்லை.

ஒக்டோபர் 14

விடிய ஐந்தரைக்கு விறாந்தைக் கண்ணாடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மாங்காய் விழுந்ததாக்கும் என்று நினைத்தேன். இது மாங்காய்க் காலம் இல்லையே என்று பிறகுதான் உறைத்தது.

படியில் ஆறுமணிக்குருவி கிடந்தது.

மைனாவை விடச் சின்னது. வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற அளவுக்குக் கட்டை வால். தலையில் மண்ணிறம், நடுவே ஒரு கறுப்புக் கோடு, கண்ணோடு சேர்த்து இன்னொரு பட்டைக் கறுப்பு. தொண்டை வெள்ளை. முதுகு இலைப்பச்சை, தோளில் நீலத்தால் ஒரு பொட்டு வைத்த மாதிரி. வயிறு கடலைமா நிறம். கையில் எடுத்துத் திருப்பினபோதுதான் வாலுக்குக் கீழே அந்தக் குங்குமச் சிவப்பு தெரிந்தது. மூச்சு வாங்கியது. நெஞ்செலும்பு என் விரலுக்குக் கூராகப் பட்டது. அவ்வளவு மெலிவு.

இது இங்கே பிறந்த குருவி இல்லை. இமயமலை அடிவாரத்திலிருந்து மத்திய இந்தியா வரைக்குமான காடுகளில் மழைக்காலத்தில் கூடு கட்டும். குளிருக்கு முன் தெற்கே கிளம்பி, கடல் தாண்டி, செப்டம்பர் ஒக்டோபரில் எங்கள் நாட்டுக்கு வரும். சித்திரை கழிந்தால் திரும்பிப் போகும். பயணம் இராத்திரியில். வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே விழும். இரவு முழுக்க விறாந்தை லைட்டை எரியவிட்டவள் நான்தான். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

சப்பாத்து வந்த காட்போட் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துவாயை விரித்து, உள்ளே வைத்து மூடி, சாமி அறையில் இருட்டில் விட்டேன். தண்ணீர் பருக்கவேண்டும் என்று அம்மா கரண்டியோடு வந்தார். வேண்டாம் அம்மா என்றேன். அடிபட்ட குருவிக்கு வாயில் தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும்தான். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பத்து மணிக்குப் பெட்டிக்குள் பொறுபொறுவென்று சத்தம். மாமரத்தடிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். குருவி வெளியே தத்தி நின்று ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. மூன்று தத்து தத்தியது. காலையில்தான் கூட்டிய தரை, விளக்குமாற்றுக் கோடுகள், ஒரு சருகில்லை. அலகால் மண்ணை ஒருமுறை குத்திவிட்டு, வேலி தாண்டிப் பக்கத்து வெறும் வளவின் பற்றைக்குள் போய்விட்டது.

இந்தக் குருவியின் சாப்பாடு சருகுக்குக் கீழேதான் இருக்கிறது: புழு, வண்டு, கறையான், மண்புழு. நாங்கள் அதைத்தான் தினமும் கூட்டி எரிக்கிறோம்.

ஒக்டோபர் 16

கந்தளாயிலிருந்து வேலைக்கு வரும் சிங்களத் தோழியிடம் குருவியைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் அதை 'அவிச்சியா' என்கிறார்கள். அதன் அழகான உடுப்பை மயில் கடன் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கவில்லையாம், அந்த முறைப்பாட்டைத்தான் கூவிக்கூவிச் சொல்லுகிறதாம். எங்களுக்கு அது நேரம் சொல்லும் குருவி, அவர்களுக்கு நியாயம் கேட்கும் குருவி. மகளுக்கு மயில் கதைதான் பிடித்தது.

இரவு விறாந்தை லைட் அணைத்தாயிற்று. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே பழைய சேலை கட்டியிருக்கிறேன்.

ஒக்டோபர் 20

மழை! பின்னேரம் மூன்றுக்குத் தொடங்கி ஏழு வரைக்கும். குழியானைக் குழி ஒன்றும் மிச்சமில்லை.

மழை விட்டதும் மதிலடி வெடிப்பிலிருந்து ஈசல் கிளம்பியது, புகை மாதிரி. வேப்பமரத்திலிருந்த கரிக்குருவிகள் இரண்டும் இருட்டும் வரைக்கும் ஓயவில்லை. தேரைகள் குழாயடியில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. சுவர்ப் பல்லிக்கு வயிறு வெளியே தெரிகிற மாதிரி நிறைந்துவிட்டது. காலையில் விறாந்தை முழுக்கச் சிறகு மட்டும்.

மாமரத்தில் முசுறு புதுக்கூடு கட்டுகிறது. ஒன்றின் இடுப்பை மற்றது கவ்விச் சங்கிலியாகத் தொங்கி, இரண்டு இலையைக் கிட்ட இழுத்துப் பிடிக்கின்றன. இன்னொன்று தன் கூட்டத்துக் குஞ்சுப் புழுவை வாயில் கவ்வி இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது. நூல் அந்தப் புழுவின் வாயிலிருந்து வருகிறது. நெசவில் நாடா போய் வருகிற மாதிரியே. கிட்டப் போய்ப் பார்த்ததற்குக் கழுத்தில் இரண்டு கடி.

அம்மாவிடம் கேட்டேன்: மாமரத்துக்குப் பின்னால், மதில் மூலையில் மட்டும் சருகைக் கூட்டாமல் விடுவோமா?

"குப்பையை விட்டா பாம்பு வரும், பிள்ளை."

சரி என்று பேசாமல் விட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஒக்டோபர் 28

இன்றைக்கு நடந்ததை எழுதவே மனமில்லை.

ஒழுங்கைக் கடைசி வீட்டு விறகுக் குவியலில் பாம்பு. நாகம் நாகம் என்று ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது சாரை. நல்ல நீளம், ஆளுயரத்தைத் தாண்டும். பெரிய வட்டக் கண், உதட்டோரம் கறுப்புக் கறுப்பாகக் கோடு. படம் எடுக்கவில்லை, எடுக்க அதற்குத் தெரியவும் தெரியாது. சாரை சாரை, விஷமில்லை, விடுங்கோ என்று கத்தினேன். "சாரையும் நாகமும் சோடி, இதை விட்டா மற்றது வரும்" என்றார் ஒரு ஐயா. அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

சாரையும் நாகமும் சோடி சேருவதில்லை. பின்னிப் பிணைந்து நிமிர்ந்து நிற்பது இரண்டு ஆண் சாரைகள், பெண்ணுக்காகப் பலம் பார்க்கின்றன. அதைக் கண்டுதான் இந்தக் கதை வந்திருக்கவேண்டும். சாரைக்கு எலிதான் சாப்பாடு. தம்பலகாமத்தில் வயல் செய்கிற எங்கள் மாமா வரம்பில் சாரையைக் கண்டால் வழிவிட்டு நிற்பார். எலி அறுக்கிற நெல் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

அடித்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பயம். இந்த மாவட்டத்தில் புடையன், எட்டடி விரியன், சுருட்டை என்ற விஷப்பாம்புகளும் இருக்கின்றன. பிள்ளைகள் ஓடித்திரிகிற வீடு. ஆனால் பயத்துக்கு ஆள் அடையாளம் தெரியவேண்டாமா? எட்டடி விரியன் பகலில் விறகில் கிடந்து ஆளைத் துரத்துவதில்லை. அது இராத்திரியில் எலியையும் பல்லியையும் மற்றப் பாம்பையும் தேடி வருவது, நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரின் பக்கத்தில். கடித்தால் நோவுகூடப் பெரிதாகத் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கும், கண்ணிமை தூக்க முடியாமல் விழும். அப்போது கயிறு கட்டி, கீறி, மந்திரிக்கப் போய் நேரத்தைக் கொல்லக்கூடாது. நேரே ஆஸ்பத்திரி.

சாரையை மதிலோரம் புதைத்தார்கள். வால் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தது.

ஒக்டோபர் 29

இரவு அம்மாவோடு இருந்து கதைத்தேன். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகோ விறகோ ஓட்டுக்கல்லோ இருக்காது. கோழித்தீன் இரவில் வெளியே கிடக்காது, எலி வராது. அம்மா இனிப் பாயில் படுக்கமாட்டார். கட்டிலில் படுத்து, நுளம்புவலையை மெத்தைக்குக் கீழே செருகிக்கொள்வார். கிணற்றடிக்குப் போக டோர்ச் லைட். இவ்வளவுக்கும் பதிலாக மதில் மூலைச் சருகு எனக்கு.

"எவ்வளவு இடம்?" என்று கேட்டார். ஒரு பாய் அளவு என்றேன். "ரெண்டு பாய் எண்டாலும் உனக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நவம்பர் 7

ஒரு கிழமையாக விடாத மழை. எழுத ஒன்றுமில்லை. மூலையில் சருகு ஊறிக் கறுத்துவிட்டது. கிளறினால் மரவட்டை.

நவம்பர் 12

குசினி ஜன்னலிலிருந்து அம்மா கையைக் காட்டினார், சத்தம் போடாமல். தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனேன்.

மூலையில் ஒரு சருகு தானாகப் புரண்டது. பிறகு இன்னொன்று. அதற்குப் பின்னால் ஆறுமணிக்குருவி. அலகால் சருகை ஓரமாகத் தூக்கி எறிகிறது, நிற்கிறது, தலையைச் சாய்க்கிறது, குத்துகிறது. ஒரு மண்புழுவை இழுத்தது. அது நீண்டு நீண்டு வந்து, பட்டென்று விடுபட்டதில் குருவி ஒரு அடி பின்னால் போய் நின்றது. கட்டை வால் மேலும் கீழும் ஆடியது. அன்றைக்கு விழுந்த குருவியா, வேறா, சொல்ல வழியில்லை. எதுவானாலும் சாப்பிடுகிறது.

முற்றம் பாதி கூட்டியிருந்தது. மாமரம் வரைக்கும் வந்து கோடுகள் நின்றுவிட்டன. விளக்குமாறு மரத்தில் சாய்ந்திருந்தது.

பின்னேரம் அம்மா சாமி விளக்கு ஏற்றும்போது மூலையிலிருந்து இரட்டைச் சீழ்க்கை. மகள் மணிக்கூட்டைப் பார்க்க ஓடினாள். ஐந்து ஐம்பத்தொன்று.

"ஆறு ஆகேல்லையே இன்னும்" என்றார் அம்மா, திரியைத் தூண்டிக்கொண்டே.